ஒரு சொல், இரு தொழில்

ஸ்பானிய மொழி பயிலும் அன்பர்கள் என்னிடம் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. ‘எழுது’ என்னும் வினையின் இறந்தகால எச்சம் ஓரிடத்தில் ‘எஸ்கிரித்தோ’ என மாறாது நிற்கிறது. பிறிதோரிடத்தில் ‘எஸ்கிரித்தா’ எனத் திரிகிறது. காரணம் யாது?

‘ஏ எஸ்கிரித்தோ லா கார்த்தா’ என்றால் ‘நான் கடிதத்தை எழுதியிருக்கிறேன்’ என்று பொருள். கடிதத்தைக் குறிக்கும் ‘கார்த்தா’ பெண்பாற் சொல். ஆயினும், ‘அபேர்’ என்னும் துணைவினையின் வடிவமாகிய ‘ஏ’யுடன் சேர்ந்து வினையாகிவிட்ட எச்சம், பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவதில்லை. ‘லா கார்த்தா எஸ்தா எஸ்கிரித்தா’ என்றாலோ, ‘கடிதம் எழுதப்பட்டிருக்கிறது’ எனக் கடிதத்தின் நிலையைக் கூறுகிறோம். அங்கு எச்சம் பெயரடையாகிப் பெண்பால் ஈறு பெறுகிறது. கடிதங்கள் பலவாயின் ‘எஸ்கிரித்தாஸ்’ ஆகிறது.

பண்டு ‘அபேர்’ உடைமையைக் குறித்தது. ‘எழுதப்பட்ட கடிதத்தை உடையேன்’ என்பதே பழைய கருத்து. அந்நாளில் எச்சம் கடிதத்தோடு இசைந்ததும் உண்டு. உடைமைப் பொருள் தேயவே, இசைவும் மறைந்தது. 1492-இல் கஸ்தீலிய இலக்கணம் வகுத்த நெப்ரிஹா, மாறாத இவ்வடிவைத் தனிச் சொல்வகையாகவே பிரித்துவைத்தார். இன்று உடைமை உணர்த்தும் ‘தெனேர்’ என்னும் வினையோடு, ‘தெங்கோ எஸ்கிரித்தா லா கார்த்தா’ என எச்சம் இசைந்தே வருகிறது. கடிதம் எழுதி ஆயத்தமாக உள்ளது என்பது கருத்து.

ஆகவே ஈற்றை மனப்பாடம் செய்ய வேண்டா. அருகில் நிற்கும் வினையை நோக்குங்கள். ‘அபேர்’ நின்றால் மாற்றமில்லை. பெயரைச் சிறப்பித்து நின்றால் இசைவு உண்டு.