மீனைக் காப்பாற்றப் பறவையைச் சுடலாமா? தெரியுமா இந்த ஆச்சரியங்கள்!

சிங்கப்பூரின் செங்காங்கில் எல்ஆர்டி ரயிலை விட்டு இறங்கி ஆங்கர்வேல் பக்கம் நடந்தால் பொங்கோல் நீர்த்தேக்கம் வந்துவிடும். காலை நேரத்தில் கரையோரம் பாருங்கள். சாம்பல் நாரை ஒன்று ஆடாமல் அசையாமல் நிற்கும். திடீரென்று கழுத்து பாயும். மீன் உள்ளே போய்விடும்! அதைப் பார்த்துச் சொக்கிப் போகிறவர்கள் உண்டு. "இப்படித் தின்றால் மீன் மிஞ்சுமா?" என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. இந்தக் கவலையில் பல நாடுகள் துப்பாக்கியையே தூக்கியிருக்கின்றன. என்ன நடந்தது? ஒவ்வொன்றும் ஆச்சரியம்!

மிதக்கும் தோட்டம் மீனுக்குப் பிரசவ அறை!

சுங்கை பொங்கோல் முன்பு கடலின் ஏற்ற இறக்கத்தோடு ஓடிய ஆறு. அதன் வாயில் அணை கட்டி, 2011-இல் நன்னீர்த் தேக்கமாகத் திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அங்கே ஒரு தோட்டம் தண்ணீரில் மிதக்கத் தொடங்கிவிட்டது. அதுதான் செங்காங் மிதக்கும் ஈரநிலம். கால்பந்துத் திடலில் பாதி அளவு! செடிகளின் வேர்கள் நீருக்குள் தொங்கி, அதிலுள்ள அதிகப்படிச் சத்துகளை உறிஞ்சித் தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. அந்த வேர்க்காட்டில்தான் மீன் முட்டையிடும், குஞ்சு ஒளிந்துகொள்ளும். மீன் இருக்கும் இடத்துக்கு நாரை வராமல் இருக்குமா? நாரை வந்து நிற்கிறது என்றால் தண்ணீருக்குள் உயிர் செழிக்கிறது என்று பொருள்.

தூண்டில் போடத் தெரிந்த கொக்கு!

சிங்கப்பூர்க் கால்வாய்களில் குறுகி உட்கார்ந்திருக்கும் சின்னத் தோசிக்கொக்கைக் கவனித்ததுண்டா? பூச்சி, இறகு, ரொட்டித் துண்டு என எதையாவது தண்ணீரில் போட்டு, அதைத் தேடி வரும் மீனைப் பிடிக்கும் பழக்கம் இந்த இனத்துக்கு உண்டு. உலகின் பல மூலைகளில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இரை போட்டு மீன் பிடிக்கும் பறவை!

வெளிநாட்டு மீனை வேட்டையாடும் கழுகு!

வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. பெரிதானதும் சிலர் அதைக் கால்வாயிலும் நீர்த்தேக்கத்திலும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கெட்டி ஓட்டுக் கெளுத்தியைச் சாம்பல் தலை மீன் கழுகு அள்ளிக்கொண்டு போகும் காட்சியைச் சிங்கப்பூர்ப் புகைப்படக்காரர்கள் மீண்டும் மீண்டும் படம் பிடித்திருக்கிறார்கள். நாம் செய்த தவறைச் சம்பளம் வாங்காமல் சரிசெய்யும் பறவையையா விரட்டுவது?

உலகிலேயே அதிகம் பழி சுமப்பது யார்?

சந்தேகமே வேண்டாம், நீர்க்காகம்! பெரிய நீர்க்காகம் ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ மீன் தின்னும். அதன் இறகின் வெளிப்பகுதி தண்ணீரை ஏற்கும். அதனால்தான் சுலபமாக மூழ்கி மீனைத் துரத்துகிறது. கரையேறியதும் சிறகை விரித்துக் காயவைக்கிறது. மீன் வளர்ப்பவர்களுக்கு வரும் நட்டமும் கோபமும் உண்மைதான். மூடாத குளத்தில் நீர்க்காகக் கூட்டம் இறங்கினால் மீன் கண்முன்னே காணாமல் போகும்.

50 என்று தொடங்கி 15-இல் நின்ற வேட்டை!

கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 2018-இல் ஒரு யோசனை சொன்னது: ஒரு வேட்டைக்காரர் ஒரே நாளில் 50 நீர்க்காகம் வரை சுடலாம்! எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 2020-இல் வேட்டைக்காலம் செப்டம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரை, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 என்று முடிவானது. அதே 2020-இல் அமெரிக்கா கொண்டுவந்த விதி, ஆண்டுக்கு 1,21,504 நீர்க்காகங்கள் வரை கொல்ல இடம் கொடுத்தது. எண்ணைப் படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது!

சுட்டார்கள், பறவை இடம் மாறியது, நிலைமை மோசமானது!

இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆச்சரியம். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று முகத்தில் ஈஸ்ட் சாண்ட் தீவு இருக்கிறது. அங்கே கூடு கட்டிய நீர்க்காகங்கள் சால்மன் குஞ்சுகளைத் தின்கின்றன என்று 2015-இல் ராணுவப் பொறியாளர் பிரிவின் திட்டப்படி சுடத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் சுட்டார்கள். கூடுகளிலிருந்த முட்டைகள் பொரிக்காதபடி எண்ணெய் பூசினார்கள். 2016 மே மாதம் அத்தனை பறவைகளும் தீவை விட்டே போய்விட்டன!

வெற்றி என்று நினைக்கிறீர்களா? ஆற்றில் இன்னும் உள்ளே தள்ளி இருக்கும் அஸ்டோரியா பாலத்தில் பெருங்கூட்டமாகக் குடியேறின. கடல் முகத்தில் இருந்தவரை நெத்திலி போன்ற கடல் மீன்களும் அவற்றின் தட்டில் நிறைய இருந்தன. பாலத்தருகே நன்னீரின் கலப்பு அதிகம், அங்கே கிடைப்பதில் சால்மன் குஞ்சுகளின் பங்கும் அதிகம். ஆகவே ஒவ்வொரு பறவையும் முன்பைவிட அதிகச் சால்மனைத் தின்றது! எச்சம் படிந்து பாலத்தைப் பராமரிப்பதும் பெரும்பாடானது. எந்த மீனைக் காக்கச் சுட்டார்களோ, அதற்கே ஆபத்து கூடிவிட்டது.

சுட்டாலும் பறவைகள் ஏன் எளிதில் குறைவதில்லை?

சில பறவைகள் செத்தால், மிஞ்சியவற்றுக்கு உணவும் கூடுகட்டும் இடமும் தாராளமாகக் கிடைக்கும். அதனால் அதிகக் குஞ்சுகள் பிழைக்கும். வெளியூர்ப் பறவைகளும் காலி இடத்தைத் தேடி வரும். அது மட்டுமா? நீர்க்காகம் தின்னும் மீன்களில், நாம் விரும்பும் மீனின் குஞ்சுகளை விழுங்கும் மீன்களும் உண்டு. பறவையை எடுத்தால் அந்த விழுங்கிகள் பெருகும்!

ஒரே நாட்டில் பகையும் உறவும்!

சுட்டுக் குறைத்த இடமும் உண்டு. ஜப்பானின் பிவா ஏரியில் தேர்ந்த சுடுநர்களை வைத்துத் திட்டமிட்டு நீர்க்காகங்களைக் குறைத்தார்கள். எண்ணிக்கை உண்மையிலேயே வெகுவாக இறங்கியது. பயிற்சி பெற்றவர்கள், கூட்டமாக வாழும் ஓரிடத்தைக் குறிவைத்து, ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்த வேலை அது. அதே ஜப்பானில் கிஃபு நகரின் நாகரா ஆற்றில் நீர்க்காகம் குடும்பத்தில் ஒருவர்! அதன் கழுத்தில் கயிறு கட்டி, இரவில் தீப்பந்த ஒளியில் ஆயு மீன் பிடிக்கும் கலை அங்கே 1,300 ஆண்டுகளாக வாழ்கிறது. அந்த மீனவர்கள் அரண்மனை நிர்வாகத்தின் பதவி பெற்றவர்கள்!

தொப்பிக்காகச் செத்த கொக்குகள்!

கொக்குகளை அதிகம் அழித்தது மீன் பஞ்சம் என்றா நினைக்கிறீர்கள்? ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் தொப்பி! இனப்பெருக்கக் காலத்தில் வெள்ளைக்கொக்கின் முதுகில் வளரும் மெல்லிய இறகுக்காகப் பெற்றோரைச் சுட்டார்கள். கூட்டில் குஞ்சுகள் பட்டினியால் இறந்தன. 1902-இல் இந்தியா இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

சிங்கப்பூர் சுட்ட பறவை எது?

காகம்! 1890-களில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்கு, காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னக் கொண்டுவரப்பட்ட காகம், பிறகு தெற்கே பரவிச் சிங்கப்பூரை நிறைத்தது. ஒரு கட்டத்தில் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது! உரிமம் பெற்றவர்கள் சுட்டார்கள். கூடுகளையும் அகற்றினார்கள், குப்பையையும் மூடி வைத்தார்கள். உணவை அடைக்காமல் துப்பாக்கியால் மட்டும் அது குறைந்திருக்காது.

1965-இல் வந்த வனவிலங்கு, பறவைகள் சட்டத்தில் பாதுகாப்பு இல்லாத பறவைகள் ஆறே ஆறு. காகம், புறா, மைனாக்கள், ஸ்டார்லிங்குகள். அந்தப் பட்டியலில் மீனை நம்பி வாழும் பறவை ஒன்றுகூட இல்லை! 2020-இல் சட்டம் இன்னும் கடுமையானது. காட்டு விலங்குக்கும் பறவைக்கும் உணவு போட்டாலே முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம்.

500 டன் மீனைக் கொன்றது யார்?

2015 தொடக்கத்தில் ஜொகூர் நீரிணையோர மிதவைப் பண்ணைகளில் 500 டன்னுக்கும் மேல் மீன் செத்து மிதந்தது. காரணம் எந்தப் பறவையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பிளாங்டன் பாசி அளவுக்கு மீறிப் பெருகியதே காரணம்! ஒரு சின்னக் கணக்கு: நாளுக்கு அரைக் கிலோ தின்னும் ஒரு நீர்க்காகம் 500 டன் மீனைத் தின்ன பத்து லட்சம் நாள் வேண்டும். அதாவது 2,700 ஆண்டுகளுக்கும் மேல்!

துப்பாக்கியை நிறுத்திய தமிழ்க் கிராமம்!

செங்கல்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்மக்கள் நேரே கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார்! நீர்க்காகம், வக்கா, பாம்புத்தாரா, கரண்டிவாயன் எல்லாம் ஏரி மரங்களில் கூடு கட்டும். எச்சம் நீரில் கலக்கும். அந்த நீர் பாய்ந்த வயல் விளையும். மீன் தின்னியே உரக்காரன் என்று நம் உழவர்கள் கண்டுகொண்ட காலத்தில், பல நாடுகளில் பறவைப் பாதுகாப்புச் சட்டமே இல்லை! சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் இன்றும் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை மிரண்டுவிடுமாம்!

பறவைத் தீவில் கால் வைத்தால் மரண தண்டனை!

பெருவின் கடல் தீவுகளில் நீர்க்காகங்கள் குவித்த எச்சம் வயலுக்குப் பொன்னான உரம். கூடுகட்டும் காலத்தில் அந்தத் தீவுகளில் கால் வைத்தாலே உயிர் போகும் என்று இன்கா மன்னர்கள் சட்டம் போட்டிருந்ததாக, 1609-இல் வரலாற்று எழுத்தாளர் கார்சிலாசோ எழுதி வைத்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத் தீவுகளுக்காக ஸ்பெயினோடு போரே நடந்தது!

அப்படியானால் வழி?

குளத்துக்கும் மிதவைக்கும் மேலே வலை கட்டலாம். மீன் ஒளிய வேரும் கல்லும் வைக்கலாம். தண்ணீரைச் சுத்தமாக வைக்கலாம். துப்பாக்கியைவிட இவை நீடித்துப் பலன் தரும். செங்காங் கரைக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியதும் எளிது: ரொட்டி வீசாதீர்கள், அறுந்த தூண்டில் நரம்பையும் கொக்கியையும் விட்டுவிட்டு வராதீர்கள், அதில் சிக்கித்தான் பறவைகள் துடிக்கின்றன, தொட்டி மீனை நீர்த்தேக்கத்தில் விடாதீர்கள். அடுத்த முறை யாராவது "நாரைதான் மீனையெல்லாம் காலி செய்கிறது" என்றால், ஈஸ்ட் சாண்ட் தீவின் கதையையும் 2,700 ஆண்டுக் கணக்கையும் சொல்லுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால், வேடந்தாங்கல்காரர்கள் 1798-இலேயே கலெக்டரிடம் போய் வாதாடி வென்ற கதையையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்!