காலிலும் ஓர் இதயம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் கார்களும் மின்னணுக் கருவிகளும் செய்யும் ஆலைகள் பல உள்ளன. அங்கே ஷிப்டு முழுவதும் நின்றபடியே வேலை செய்பவரைக் கேட்டுப் பாருங்கள். காலையில் சரியாக இருந்த ஷூ, வேலை முடியும்போது இறுகிவிடுகிறது என்பார். கால் ஏன் வீங்குகிறது? இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் பற்றி மருத்துவ மாணவர் கற்கும் பாடத்தில் இதற்கு விடை உள்ளது.

அந்தப் பாடம் தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்திய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். ‘மனுஷ சுகரணம்’ என்னும் உடலியல் நூல் 1883இல் தமிழில் வெளிவந்தது. கற்றவர்கள் தம் ஊர் மக்களிடையே தங்கித் தொண்டு செய்ய வேண்டும் என்பது கிறீனின் நோக்கம்.

நாமும் அப்பாடத்தைத் தொடங்குவோம். இதயம் ஒரு பம்பு அன்று. ஒட்டியிருக்கும் இரண்டு பம்புகள். வலப்பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கும், இடப்பக்கம் உடல் முழுவதற்கும் அனுப்புகின்றன. ஓய்வாக இருக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் இடப்பக்கம் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு எனில் பெருக்கிப் பாருங்கள். சுமார் 5 லிட்டர் வரும். பெரியவர் ஒருவரின் உடலிலுள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான்!

வெளியேறிய இரத்தம் திரும்பி வந்தாக வேண்டும். இங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது. நிற்பவரின் பாதத்திலிருந்து இதயம் சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 1060 கிலோகிராம். உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 12,500 பாஸ்கல். பாதரச அளவில் இது 90 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அசையாமல் நிற்பவரின் பாதச் சிரைகள் இந்த அழுத்தத்தைத் தாங்குகின்றன.

‘யு’ வடிவக் கண்ணாடிக் குழாயில் ஒரு பக்கம் இறங்கும் நீர் மறுபக்கம் ஏறிவிடும். ஆனால், சிரைகள் கண்ணாடியால் ஆனவை அல்ல. மெல்லிய, விரியும் குழாய்கள். அழுத்தம் மிகுந்தால் அவை விரிய, இரத்தம் தேங்குகிறது. தந்துகிகளிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தங்குகிறது. அதுதான் வீக்கம்.

இதற்கு உடலே ஒரு வழி வைத்திருக்கிறது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சிரைகளைப் பிழிகின்றன. சிரைகளுக்குள் உள்ள வால்வுகள் இரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே விடும். கீழே இறங்க விடா. நடக்கும்போது கணுக்கால் சிரையின் அழுத்தம் 30 மில்லிமீட்டருக்கும் கீழே குறைந்துவிடும். கெண்டைக்காலை ‘இரண்டாவது இதயம்’ என்பது இதனால்தான். ஆனால், முதல் இதயம் தானே துடிக்கும்; இதை நாம்தான் இயக்க வேண்டும்.

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கையைத் தொங்கவிட்டால் புறங்கை நரம்புகள் என்று நாம் சொல்லும் சிரைகள் புடைக்கும். தலைக்கு மேல் உயர்த்தினால் அடங்கிவிடும். உயரத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவைக் கண்ணாலேயே காணலாம்.

ஆண்டுக்கணக்கில் நின்று வேலை செய்வோரில் சிலருக்குச் சிரைகள் விரிந்து, வால்வுகள் சரிவர மூடாமல், கால் நரம்புகள் முறுக்கிப் புடைக்கின்றன. பரம்பரைத் தன்மையும் இதற்குத் துணை போகும். நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குவதும், இடையிடையே நான்கடி நடப்பதும், ஓய்வில் காலை உயர்த்தி வைப்பதும் நல்லவை. ஒரு காலில் மட்டும் திடீரென வலியுடன் வீக்கம் கண்டால் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உட்கார இடம் கேட்பது சோம்பலும் அன்று. நின்று வேலை செய்வோர் இடையில் கிடைக்கும் ஓய்வில் உட்கார வசதி தர வேண்டும் என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவே வகுத்தது.

மருத்துவராக விரும்பும் மாணவர்களே! பாடத்திலுள்ள பெயர்களை மனப்பாடம் செய்தால் தேர்வில் வெல்லலாம். “உன் காலிலும் ஒரு பம்பு இருக்கிறது, அதை இயக்கு” என்று ஒரு தொழிலாளிக்கு விளங்கச் சொல்ல முடிந்தால்தான், அந்தப் பாடம் உங்களுக்கே விளங்கிற்று எனலாம்.