விதையிலிருந்து கார்த்திகைப்பூ

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வேலிக்கரையில் யாரும் நடாமலே பூத்த கொடி இது. மஞ்சளும் பச்சையுமாக விரிந்து, நாட்போக்கில் நெருப்புச் சிவப்பாகும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வரும் காந்தள் இதுதான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. சிங்களத்தில் நியங்கலா என்பார்கள்.

போர்க்காலத்தில் இப்பூவுக்கு அரசியல் அடையாளம் ஒன்று ஏறியது. வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதைச் சாடியில் வைக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. பூ என்ன பாவம் செய்தது?

2009க்குப் பல வருடங்கள் கழித்து ஊருக்குப் போய்வந்த சின்னம்மா, எங்கள் பழைய வளவிலிருந்து ஒரு முற்றிய காயைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார். வீடு இல்லை, வேலி இல்லை, கொடி மட்டும் நின்றதாம்.

விதையின் சிவந்த மேற்சதையைக் கையுறை போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஓரிரவு இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டு, மணலும் கூட்டெருவும் கலந்த சாடியில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றினேன். அடியில் ஓட்டை கட்டாயம். தண்ணீர் தேங்கினால் அழுகும். எல்லா விதையும் ஒன்றாக முளைக்காது. சில வாரங்களில் ஒன்று வரும், மூன்று மாதம் கழித்து இன்னொன்று வரும்.

முதல் வருடம் சிறு தண்டும் சில இலைகளும்தான். பிறகு அதுவும் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று சாடியைக் கொட்டிவிடாதீர்கள், தங்கச்சிமாரே! மண்ணுக்குள் கடலையளவு கிழங்கு உறங்குகிறது. தண்ணீரைக் குறைத்து நிழலில் வையுங்கள். அடுத்த பருவத்தில் தானே எழும்பும். கிழங்கின் நுனிமுளை ஒடிந்தால் மட்டும் எழும்பாது. இலைநுனியே சுருண்டு பிடித்து ஏறும் என்பதால் பல்கனிக் கம்பியில் ஒரு நூல் கட்டினால் போதும். எனக்கு மூன்றாம் வருடம் பூத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கொடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். அவித்தாலும் போகாது. வாதநோய் மருந்தான கொல்ச்சிசினை இதன் விதையிலிருந்தே எடுக்கிறார்கள், ஆனால் அது மருந்துச்சாலைக்காரர் வேலை. கிழங்கு வற்றாளைபோலத் தோன்றுவதால் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மாடியில் வண்ணத்துப்பூச்சி வருவது குறைவு. சூலகத்தண்டு பக்கவாட்டில் மடிந்து நிற்பதால் மகரந்தம் தானாக அதில் படுவதும் அரிது. தமிழ்நாட்டு விவசாயிகளைப்போல நானும் காலையில் கையாலேயே தடவிவிடுகிறேன். காய் முற்றி வெடிக்குமுன் மெல்லிய துணியால் கட்டினால் விதை சிந்தாது. போன முறை பிடித்த இரண்டு காய்களிலிருந்த விதைகளைக் கீழ்மாடி அக்காவுக்கும் கொட்டாஞ்சேனைச் சிநேகிதி ஒருவருக்கும் பங்கிட்டேன்.