வழுக்கைக்கு ஒரு மாத்திரை

தலைமயிர் உதிர்வதற்கு நம்மவர் கூறும் காரணங்கள் பல. வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் குடியேறியவர் தண்ணீரைக் குறை கூறுவர். மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் வாழ்வோர் பனியைப் பழிப்பர். ஆனால் ஆடவர்க்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும் பரம்பரையாக வரும் வழுக்கைக்கு இவை காரணமல்ல. டி.எச்.டி. எனப்படும் ஆண்மை ஹார்மோன் மயிர்க்கால்களை நாளடைவில் சுருக்கிவிடுவதே காரணமாம்.

இதனைத் தடுக்கும் பினாஸ்டரைடு என்னும் மாத்திரை பிறந்த கதை விசித்திரமானது. டொமினிகன் குடியரசின் சாலினாஸ் கிராமத்தில் சில குழந்தைகள் பெண் போலப் பிறந்து, பருவம் எய்தும்போது ஆணாக மாறினர். டி.எச்.டி.யை உண்டாக்கும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு என்று 1974-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவர்கள் வளர்ந்தபின் பிராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, முன்நெற்றி ஏறவில்லை. அந்நொதியைத் தடுக்கும் மருந்தை அமெரிக்க அரசு 1992-இல் பிராஸ்டேட் வீக்கத்திற்கு 5 மில்லிகிராம் அளவிலும், 1997-இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவிலும் அனுமதித்தது.

மாத்திரை பயனற்றதன்று. ஆனால் குறைந்தது மூன்று மாதம் தினமும் உண்டாலன்றிப் பயன் தெரியாது; நிறுத்தினால் ஓராண்டுக்குள் பெற்றது போய்விடும். ஆகவே இது நெடுநாள் பந்தம். மேலும் அது தலைக்கு மட்டும் செல்வதன்று. உடல் முழுதும் பரவுகிறது.

இல்லற இச்சை குறைதல், ஆண்மைத் தளர்ச்சி, விந்து குறைதல் ஆகியவை முதலில் அறியப்பட்ட தீங்குகள். முதற் சோதனைகளில் இவை 1000 பேரில் சுமார் 38 பேருக்கு நேர்ந்தன. மருந்தில்லாத வெறும் மாத்திரை உண்டவரிலும் 21 பேருக்கு நேர்ந்தன. ஆதலால் பெரும்பாலோருக்கு அச்சமில்லை. எனினும் மருந்தை நிறுத்திய பின்னும் சிலருக்கு இக்குறை நீடித்ததாக வந்த தகவல்களை 2012-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் குறிப்பில் சேர்த்தது. மனச்சோர்வும் உண்டு. தற்கொலை எண்ணத்தையும் இம்மாத்திரையின் பக்க விளைவென்று 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்தது.

நான் ரயில்வேயில் கணக்கெழுதுபவன், வைத்தியம் கற்றவனல்லன். ஆயினும் நம் இல்லங்களில் நடப்பதைக் காண்கிறேன். பெண் பார்க்கச் செல்லுமுன் தலை நிரம்பவேண்டுமென்று பிள்ளை மருந்து உண்கிறான். அன்னையும் அறியாள், வரப்போகும் மனைவியும் அறியாள். மணமாகி ஈராண்டு குழந்தையில்லையெனில் மருமகளையே கோயிலுக்கும் டாக்டரிடமும் அழைத்துச் செல்கிறோம். சிலருக்கு இம்மருந்தால் விந்தின் தரம் குன்றி, நிறுத்தியபின் சீரடைந்ததாகத் தகவல்கள் உள. மகன் தினமும் விழுங்குவது யாதென்று கேட்பார் இல்லை! வெட்கத்தால் அவனும் வாய் திறவான். மனம் சோர்ந்திருப்பவனை "வேலைக் களைப்பு" என்று விட்டுவிடுகிறோம்.

நம் நாட்டில் இது டாக்டர் சீட்டின்றி விற்கலாகாத மருந்து. கோயம்புத்தூருக்கோ போடிநாயக்கனூருக்கோ செல்லும் நண்பரிடம் சொல்லியனுப்பி வாங்குவது முறையன்று. சீட்டெழுதும் டாக்டரிடம் முன்பு மனச்சோர்வு இருந்ததா, குழந்தைக்கு முயல்கிறீர்களா என்பனவற்றைக் கூச்சமின்றிக் கூறுக. மாறுதல் கண்டால் மீண்டும் அவரிடமே செல்க. தற்கொலை எண்ணம் தோன்றினாலோ, மாத்திரையை நிறுத்தி அன்றே டாக்டரைக் காண்க; வீட்டாரும் அவனைத் தனியே விடவேண்டாம்.

தலையில் தடவும் மினாக்சிடில் வேறு வகை. அது ஹார்மோனைத் தடுப்பதன்று. ஆனால் அதனுடன் பினாஸ்டரைடு கலந்த திரவங்களும் கிடைக்கின்றன. சீசாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே வாங்குக. கருவுற்ற பெண்டிர் உடைந்த மாத்திரையையும் இத்திரவத்தையும் தொடலாகாது. வயிற்றிலுள்ளது ஆண் சிசுவாயின் அதன் உறுப்பு வளர்ச்சி கெடக்கூடும். இக்காரணம் பற்றியே, இம்மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழியுமுன் இரத்ததானம் செய்யலாகாது என்பது அமெரிக்க இரத்த வங்கிகளின் விதி. டூட்டாஸ்டரைடு என்னும் வலிய மருந்துக்கு ஆறு மாதம். அது உடலைவிட்டு நீங்க அத்தனை நாளாகிறது.

வயதானவர்க்கு இன்னொரு செய்தி. பிராஸ்டேட் புற்றுநோயைத் துப்பறியும் பி.எஸ்.ஏ. இரத்தச் சோதனையில் இம்மாத்திரை அளவை ஏறக்குறைய பாதியாக்கிக் காட்டும். மாத்திரை உண்பதாக முன்கூட்டியே சொன்னால்தான் டாக்டர் அதனை இரட்டித்துக் கணக்கிடுவார்.