தூக்குமேடையை அகற்றிய பின்வரிசைக்காரர்

மந்திரி நாற்காலி கிடைத்தால்தான் மக்களுக்கு நன்மை செய்ய முடியும் என்று கூறுவோர் உண்டு. பின்வரிசையிலே உட்கார்ந்திருக்கும் உறுப்பினர், கொறடா சொன்னால் கை தூக்குவார், சொல்லாவிட்டால் கொட்டாவி விடுவார், அவரால் ஆகக்கூடியது என்ன என்று ஏளனம் பேசுவோரும் உண்டு. அவர்களுக்கு நாம் ஒருவரை அறிமுகப்படுத்த விரும்புகிறோம். பிரிட்டிஷ் காமன்ஸ் சபையிலே 32 ஆண்டுகளுக்கு மேல் வீற்றிருந்தவர். ஒரு நாள்கூட மந்திரியாக இருந்ததில்லை. ஆனால் பல நூறு ஆண்டுகளாக நின்ற தூக்குமேடையை அந்நாட்டிலிருந்து அகற்றிய பெருமை மற்றெவரையும்விட அவருக்கே உரியது. அவர் பெயர் சிட்னி சில்வர்மன்.

1895-இல் லிவர்பூல் நகரிலே, ஏழை யூதக் குடும்பத்திலே பிறந்தார். தகப்பனார் துணி வியாபாரி. உதவிச் சம்பளம் பெற்றுத்தான் பல்கலைக்கழகம் வரை படிக்க முடிந்தது. முதல் உலகப் போர் மூண்டது. பட்டாளத்தில் சேர் என்றது சர்க்கார்; கொலைத் தொழில் என் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்றார் அந்த வாலிபர். விளைவு? சிறை! ஒரு சிறையல்ல, பிரஸ்டன், வார்ம்வுட் ஸ்கிரப்ஸ், பெல்ஃபாஸ்ட் என்று பல சிறைகளைக் கண்டார். சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்பே, சட்டத்தின் இரும்புக் கதவு எப்படிச் சாத்தப்படும் என்பதை உட்புறமிருந்து பார்த்தவர் அவர்.

பின்னர் பின்லாந்து சென்று ஆங்கிலம் கற்பித்தார். ஊர் திரும்பிச் சட்டம் பயின்று, லிவர்பூலின் ஏழை எளியவர்களுக்காக வழக்காடும் சொலிசிட்டரானார். 1935-இல் நெசவாலைத் தொழிலாளர் நிறைந்த நெல்சன்-கோல்ன் தொகுதி அவரைத் தொழிற்கட்சியின் சார்பில் காமன்ஸ் சபைக்கு அனுப்பியது. 1968-இல் கண்மூடும் வரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை.

உயரத்தில் குள்ளர், கேள்வி கேட்பதிலோ மகா சூரர்! 1942 ஆகஸ்டில், ஐரோப்பாவின் யூதர்களைப் பூண்டோடு அழிக்க நாஜிகள் திட்டமிடுகிறார்கள் என்ற செய்தியை ஜெனீவாவிலிருந்து கெர்ஹார்ட் ரீக்னர் தந்தியாக அனுப்பினார். லண்டனிலே அது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமென்று அவர் விரும்பினார் தெரியுமா? சில்வர்மனுக்கு! அதே ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், சில்வர்மன் சபையிலே கேள்வி எழுப்ப, அதற்கு விடையாகத்தான் வெளிநாட்டு மந்திரி ஆண்டனி ஈடன் அந்தக் கோரத்தை உலகறியக் கண்டித்து நேச நாடுகளின் அறிக்கையைப் படித்தார். உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினர்.

அவர் வாழ்வின் பெரும் போர் தூக்குத் தண்டனையோடுதான். 1948-இல் அட்லியின் சர்க்கார் குற்றவியல் நீதி மசோதாவைக் கொண்டுவந்தது. தூக்கை எடுக்க மந்திரி சபைக்குத் துணிவில்லை. ஐந்தாண்டு காலத்திற்குத் தூக்கை நிறுத்தி வைக்க வேண்டுமென்று பின்வரிசையிலிருந்து திருத்தம் கொண்டுவந்தார் சில்வர்மன். அவரவர் மனச்சான்றின்படி வாக்களிக்கலாம் என்றனர். உள்நாட்டு மந்திரி சூட்டர் ஈட் எதிர்த்தும், 245 பேர் ஆதரவு, 222 பேர் எதிர்ப்பு; திருத்தம் வென்றது! மக்கள் தேர்ந்தெடுத்த சபை தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் மாடியிலே இன்னொரு சபை இருந்ததே! ஒரு ஓட்டும் வாங்காமல், பாட்டன் வாங்கிய பட்டத்தால் அமர்ந்த பிரபுக்களின் சபை, 181-க்கு 28 என்று அதைத் தூக்கி எறிந்தது. கயிறு மீண்டும் தொங்கியது.

தொங்கிய கயிறு என்ன செய்தது? 1950 மார்ச்சில் திமதி எவன்ஸ் என்ற வாலிபரைப் பலி கொண்டது. பெற்ற குழந்தையைக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. நான் செய்யவில்லை, கீழ்வீட்டுக்காரன் கிறிஸ்டிதான் செய்தான் என்று கதறினார் அவர். அந்தக் கிறிஸ்டியோ சர்க்கார் தரப்பின் முக்கிய சாட்சி! நீதிமன்றம் சாட்சியை நம்பியது. மூன்றாண்டு கழித்து, 1953-இல், அதே வீட்டிலே பெண்களின் பிணங்கள் கண்டெடுக்கப்பட்டன. எவன்ஸின் மனைவியையும் கொன்றது நானே என்று ஒப்புக்கொண்டான் கிறிஸ்டி. எவன்ஸுக்குக் கருணை காட்ட மறுத்த உள்நாட்டு மந்திரி யார்? 1948-இல் சில்வர்மனை எதிர்த்த அதே சூட்டர் ஈட். பிற்காலத்தில் அவர் மனம் மாறினார். தூக்கை ஒழிக்க வேண்டுமென்று சபையிலே பேசினார். 1966-இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள். மன்னிப்புத் தாளை வாங்கிக்கொள்ள அவர் இல்லை!

1953 ஜனவரியில் டெரக் பென்ட்லி என்ற 19 வயது வாலிபரின் முறை. போலீஸ்காரரைச் சுட்டவன் பென்ட்லியின் கூட்டாளி. அவனுக்கு 16 வயது. ஆகவே தூக்கு இல்லை. துப்பாக்கியைத் தொடாத, அதற்கு முன்பே போலீஸின் பிடியில் சிக்கிவிட்ட பென்ட்லிக்குத் தூக்கு! தண்டனையை நிறுத்தக் கோரி சுமார் 200 உறுப்பினர்களின் ஆதரவோடு தீர்மானம் கொடுத்தார் சில்வர்மன். சபாநாயகர் என்ன கூறினார்? தண்டனை நிறைவேறும் வரை அதுபற்றி விவாதிக்க விதியில் இடமில்லை என்றார். உயிர் போன பிறகு விவாதிக்கலாமாம்; உயிரைக் காக்க விவாதிக்கக் கூடாதாம்! அடுத்த நாள் காலை பென்ட்லி தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பு தவறு என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்து!

சில்வர்மன் சோர்ந்தாரில்லை. 1956-இல் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். காமன்ஸ் சபை நிறைவேற்றியது. பிரபுக்கள் 238-க்கு 95 என்று மீண்டும் கொன்றனர். 1957-இல் ஒரு ஒட்டுப்போட்ட சட்டம் வந்தது. துப்பாக்கியால் சுட்டுக் கொன்றால் தூக்கு. விஷம் வைத்துக் கொன்றால் தூக்கு இல்லை! இந்த விசித்திரத்தைப் பார்த்த பிறகு, இருந்தால் முழுதும் இருக்கட்டும், இல்லையேல் ஒழியட்டும் என்று நினைத்தவர்கள் பலர்.

இதற்கிடையே சொந்தக் கட்சியோடும் அவருக்குப் பிணக்கு. 1954-இல் ஜெர்மனிக்கு மீண்டும் ஆயுதம் தரக் கூடாதென்று வாக்களித்ததற்காகவும், 1961-இல் இராணுவச் செலவை எதிர்த்ததற்காகவும், பாராளுமன்றக் கட்சியிலிருந்து இருமுறை ஒதுக்கி வைக்கப்பட்டார். கட்சிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. கட்டுப்பாடற்ற கட்சி, கரையற்ற ஆறு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் எதிர் முகாமுக்கு ஓடவில்லை. புதுக் கடை திறக்கவில்லை. தண்டனையை ஏற்றார், கொள்கையை விடவில்லை, காத்திருந்தார்.

1964-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. வில்சன் சர்க்கார் சில்வர்மனின் மசோதாவுக்குச் சபையின் நேரத்தை ஒதுக்கியது. டிசம்பர் 21-ஆம் நாள் 355-க்கு 170 என்று இரண்டாம் வாசிப்பு வெற்றி. இம்முறை பிரபுக்களும் வழிவிட்டனர். 1965 நவம்பர் 8-ஆம் நாள், கொலைக் குற்றத்துக்கான தூக்கு ஐந்தாண்டுக்கு நிறுத்தப்பட்டது. 1964 ஆகஸ்ட் 13-இல் இருவரைத் தூக்கிலிட்டதே பிரிட்டனில் கடைசி என்றாயிற்று.

மக்கள் அவரைத் தோளில் தூக்கி ஆடினார்களா? இல்லை. நாட்டிலே பெரும்பாலோர் தூக்கு வேண்டும் என்றே கருதினர். 1966 தேர்தலில், பிள்ளைகளைக் கொன்ற பாதகர்களின் வழக்கு நாட்டையே உலுக்கியிருந்த நேரம், அவ்வாறு பலியான ஒரு சிறுமியின் உறவினரே தூக்கை மீட்க வேண்டுமென்று அவரை எதிர்த்து நின்றார். 5,000-க்கும் மேல் வாக்குப் பெற்றார். அந்தத் துயரம் போலித் துயரமல்ல. அதை நாம் அற்பமாகப் பேச மாட்டோம். சில்வர்மன் வென்றார். ஆனால் ஓட்டுக்காகத் தம் கருத்தை ஒரு வரிகூட மாற்றவில்லை.

1968 பிப்ரவரியில் மறைந்தார். 1969 டிசம்பரில் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தை நிரந்தரமாக்கியபோது பார்க்க அவர் இல்லை. ஆனால் பயன் இருந்தது. 1974-இல் பர்மிங்காம் மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். மறு ஆண்டு ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை. பதினாறு ஆண்டு கழித்து, 1991-இல், அவர்கள்மீது சாட்டிய குற்றம் நிற்காது என்று நீதிமன்றமே விடுதலை செய்தது. ஆறு பேரும் நடந்து வெளியே வந்தனர். தூக்குமேடை இருந்திருந்தால்? ஆறு கல்லறைகளுக்கு ஆறு மன்னிப்புத் தாள்கள்!

நீதிபதி மனிதர், சாட்சி மனிதர், போலீஸ்காரர் மனிதர். மனிதர் தவறுவர். தவறினால் திருத்திக்கொள்ள இடம் வைக்காத தண்டனை நீதியாகாது. இந்த ஓர் உண்மையைச் சொல்ல ஒருவர் பின்வரிசையிலே எழுந்து நின்றார். தோற்றபோதும் நின்றார், ஒதுக்கியபோதும் நின்றார். மந்திரிகள் பலர் வந்தனர், போயினர். அவர்களின் பெயர்களை ஊர் மறந்துவிட்டது. பின்வரிசையில் இருக்கிறோமே என்று ஏங்குவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.