கைக்கு மிஞ்சிய தோட்டம்

கிணற்றுப் பாசனத் தோட்டக்கால் வைத்துள்ள குடும்பங்கள் பலவற்றில் ஒரே விதமான சங்கடம் நேரிடுகிறது. வீட்டார் ஐந்தாறு பேர் கைகொடுக்க நடந்து வந்த ஐந்து ஏக்கர் தோட்டம், பிள்ளைகள் உத்தியோகத்தின் பொருட்டு வெளியூர் சென்றபின், வயது முதிர்ந்த ஒருவர் தலையில் விழுகிறது. ஆள் குறைகிறது, கிணற்றில் ஜலமும் குறைகிறது, பரப்பு மட்டும் குறைவதில்லை. முழுவதையும் விடாமல் செய்ய முயன்று, களையெடுப்பு ஒரு வாரமும் மேலுரம் இரண்டு வாரமும் பிந்திப் போக, செலவு முழுமையும் ஆனபின் மகசூல் அரையாக நிற்கிறது. இவ்விதம் சில வருஷம் நடந்தால் கடன் முற்றி நிலமே கைமாறிவிடும்.

இதற்குப் பரிகாரம் தோட்டத்தை உரிய காலத்தில் சுருக்கிக்கொள்வதேயாம். சுருக்குவதைக் கௌரவக் குறைவாக எண்ணுவோர் உளர். முள்ளும் களையும் மண்டிய ஐந்து ஏக்கரைக் காட்டிலும் செம்மையான இரண்டு ஏக்கருக்கு எவ்விதத்தில் கௌரவம் குறைவு என்பது விளங்கவில்லை.

எவ்வளவு சுருக்குவது என்பதைக் கோடை ஜலத்தைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். கார்த்திகையில் நிரம்பிய கிணற்றை நம்பிப் பயிரிடுவோர் சித்திரையில் ஏமாறுவர். ஒரு ஏக்கருக்கு இரண்டங்குல உயரம் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2,05,000 லிட்டர் வேண்டும். வினாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் மோட்டார் மணிக்கு 18,000 லிட்டர் தரும். கோடையில் கிணறு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே இறைப்புத் தாங்குமாயின், ஒரு ஏக்கர் நனைய மூன்று நாள் செல்லும். ஆகவே, ஆறு நாளைக்கு ஒரு முறை நீர் கேட்கும் பயிர் அக்கிணற்றின் கீழ் இரண்டு ஏக்கருக்கு மேல் நில்லாது. மண் வாய்க்காலில் கசிந்து போவதைக் கழித்தால் அதுவும் முழுமையாகத் தேறாது. சொட்டுநீர்க் குழாய் அமைத்தால் நனையும் பரப்புக் கூடும் என்பது மெய்யே. ஆனால் பறிக்கவும் கட்டவும் வேண்டிய ஆட்களைக் குழாய் கொண்டுவந்து விடாது. இக்கணக்கைப் போட்டுப் பாராமல் கடன் வாங்கி ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவது விவேகமன்று.

வைத்துக்கொள்ளும் பகுதி கிணற்றுக்கும் வீட்டுக்கும் அருகாமையில் இருத்தல் நலம். கோரை பிடித்த வயல் எதுவாயினும் அதை முதலில் பாசனத்திலிருந்து நீக்கிவிடலாம். கோரை கிழங்கினால் பரவுவது. ஈரத்தில் உழும்போது கிழங்குத் தொடர் அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகிறது. ஓயாமல் நீர் பாயும் தோட்டத்தில் அது ஒழியாதிருப்பதன் காரணம் இதுவே. நீரை நிறுத்திக் கோடையில் இரண்டு மூன்று முறை ஆழ உழுது போட்டால், மேலே புரண்ட கிழங்குகள் வெயிலில் காய்ந்து மடியும். ஒரே கோடையில் முற்றும் ஒழியுமென எதிர்பார்க்க வேண்டாம்.

நீக்கிய நிலத்தைச் சும்மா போட்டுவிடலாகாது. அப்படிப் போட்டால் முதல் மழையிலேயே பார்த்தீனியம் வந்து குடியேறும். 1955-ம் வருஷம் புனே நகரில் கவனிக்கப்பட்ட இச்செடி, பின்னர் தேச முழுமையும் பரவியது; ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்ப்பதால் பூக்குமுன் பிடுங்குதல் வேண்டும். சிலருக்கு அது தோலில் அரிப்பு உண்டாக்கும், கையுறையின்றித் தொடலாகாது. மழைக்கு முன் கொழுஞ்சி விதைத்துவிட்டால் களைக்கு இடம் குறையும். கொழுஞ்சியை ஆடுமாடுகள் பெரும்பாலும் கடிப்பதில்லை. தானே விதை உதிர்த்து அடுத்த வருஷமும் முளைக்கும். விதையின் மேல்தோல் கடினமானது; மணலுடன் சேர்த்துத் தேய்த்து விதைத்தல் அவசியம்.

மாடு வைத்திருப்போருக்குக் காங்கயம், தாராபுரம் பிரதேசத்துக் கொறங்காட்டு முறை நல்ல வழிகாட்டி. முள்கிளுவைப் போத்துகளை ஊன்றி உயிர்வேலி அமைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல் மரங்களை விட்டுவைப்பர். மரம் நிழலும், ஆடுகளுக்குக் காயும் தரும். நிலத்தைத் தடுப்புகளாகப் பிரித்து, ஒன்று மேயும்போது மற்றது தழைக்கும்படி கால்நடைகளை மாற்றி விடுவதால் வேலை சொற்பம். பாசன நீரோ தேவையே இல்லை. புதிதாக விதைத்த புல்லில் முதல் விதை முற்றி உதிரும்வரை மாட்டை விடலாகாது.

தென்னை நிற்கும் பகுதியை நீக்குவோர் பட்டுப்போன மரங்களைத் தோட்டத்திலேயே கிடத்திவிடுவது பெருந்தவறு. மக்கிய தண்டிலும் எருக்குழியிலும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, அண்டைத் தோப்புகளின் குருத்தைத் துளைக்கும். ஒருவர் நிலத்துப் பூச்சி ஊராருக்குக் கேடு செய்யும் என்பதை உணர்ந்தே 1919-ம் வருஷத்திய சென்னை விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. கிராம அதிகாரிகள் அத்தகைய மரங்களைக் கண்டால் நிலச் சொந்தக்காரர் வெளியூரில் இருப்பினும் கடிதம் மூலம் தெரிவித்து அப்புறப்படுத்தச் செய்தல் வேண்டும்.

எஞ்சியதைக் குத்தகைக்கு விட எண்ணுவோர், வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் காலமும் தொகையும் குறித்து எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிட்டுக் கொள்க. 1955-ம் வருஷத்திய சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுபவருக்கு உரிமைகள் அளித்துள்ளது. அவற்றை முன்னதாக அறிந்து எழுதிக்கொண்டால் இரு தரப்பாருக்கும் பின்னால் வழக்கு நேராது. கிணற்று நீரில் யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் அப்பத்திரத்திலேயே குறித்துவிடுதல் நலம்.