படைப்பை அனுப்பியாயிற்று, அடுத்து என்ன?

சிறுகதைப் போட்டி, கவிதை இதழ், குறும்படத் திட்டம், கலை மானியம் என எதற்கு விண்ணப்பித்தாலும் இப்போது பெரும்பாலும் முதல் வேலை ஒன்றுதான்: இணையத்தில் ஒரு கணக்கைத் திறக்க வேண்டும். கையெழுத்துப் படியை உறையில் இட்டு, அஞ்சல்தலை ஒட்டி அனுப்பியது நம் பெற்றோர் காலம். நமக்கு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் போதும்.

கணக்கைத் திறக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அது காட்டும் தகவலை எப்படிப் புரிந்துகொள்வது, கணக்கை எப்படிப் பராமரிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நன்றாக எழுதும் நண்பர்கள் சிலர் ஒரே ஒரு முறை அனுப்பிவிட்டு, வந்த பதிலைப் பார்த்து எழுதுவதையே நிறுத்தியிருக்கிறார்கள். அது தேவையற்ற இழப்பு.

திரையில் தெரியும் ஒரு சொல்

இலக்கிய இதழ்கள் பரவலாகப் பயன்படுத்தும் தளங்களில் ஒன்று ‘சப்மிட்டபிள்’. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மிசூலா நகரில் அது தொடங்கப்பட்டது. நிறுவியவர்களில் ஒருவரான மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு நாவலாசிரியர். படைப்பாளிகள் கணக்கைத் தொடங்கக் கட்டணம் இல்லை. ஆனால், இதழோ போட்டி ஏற்பாட்டாளரோ தனியாகக் கட்டணம் கேட்கலாம்.

ஒரே கணக்கிலிருந்து பல இதழ்களுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் அதன் நிலை தெரியும். ‘ரிசீவ்ட்’ என்றால் படைப்பு வந்து சேர்ந்துவிட்டது. ‘இன் புரோகிரஸ்’ என்றால் இதழ்க் குழு அதன்மீது ஏதோ ஒரு வேலையைத் தொடங்கியுள்ளது. யாரோ முழுவதும் படித்துவிட்டார், பிடித்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. வாசகர் ஒருவரிடம் ஒப்படைத்தாலே அந்தச் சொல் மாறிவிடலாம். ‘அக்செப்டட்’ என்றால் ஏற்பு, ‘டிக்ளைன்ட்’ என்றால் மறுப்பு.

பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் இணையம் வழியாக ஒப்படைப்பை அனுப்பினால், மதிப்பெண் வரும். எங்கே தவறு என்ற குறிப்பும் வரும். அந்தப் பழக்கத்தில்தான் ‘டிக்ளைன்ட்’ என்பதையும் ஒரு மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த இதழில் இடம் நிரம்பியிருக்கலாம். அதே கருவில் வேறு கதையை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருக்கலாம். படைப்பு இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே கணக்கு சொல்கிறது. அது எவ்வளவு நல்லது என்பதைச் சொல்வதில்லை.

ஒரே கதை, இரண்டு இதழ்கள்

பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அதே கதையை வேறோர் இதழுக்கு அனுப்பலாமா? சில இதழ்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. விதிமுறையில் தெளிவாக எழுதியிருப்பார்கள். அனுமதி இருந்து, ஓர் இதழ் கதையை ஏற்றுக்கொண்டால், மற்ற இதழ்களிலிருந்து உடனே மீட்டுக்கொள்வது நம் கடமை. அதற்காகவே கணக்கில் ‘வித்ட்ரா’ என்ற பொத்தான் இருக்கிறது. ஓர் இதழுக்கு அனுப்பியதை மற்றோர் இதழ் பார்க்க முடியாது. அதனால் இந்தப் பொறுப்பு முழுவதும் நம்முடையது.

இன்னொன்று: பல போட்டிகள் இதுவரை வெளிவராத படைப்பையே கேட்கின்றன. இன்ஸ்டகிராமில் போட்ட கவிதையையும் பள்ளி ஆண்டு மலரில் வந்த கதையையும் ‘வெளிவந்தது’ என்று சில ஏற்பாட்டாளர்கள் கருதலாம். பதிவேற்றுவதற்கு முன் விதிமுறையைப் பார்த்துவிடுங்கள்.

அனுப்பும் முன் நான்கு கவனங்கள்

முதலாவது, பள்ளி மின்னஞ்சலில் கணக்கைத் திறக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி மூடப்படலாம். ஏற்புக் கடிதம் நாம் திறக்க முடியாத பெட்டிக்குப் போய்ச் சேரும். சொந்த முகவரியைக் கொடுங்கள். வேண்டாத அஞ்சல்கள் சேரும் பகுதியையும் அவ்வப்போது பாருங்கள்.

இரண்டாவது, இறுதி நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். கோடையில் நியூயார்க்கில் இரவு 11.59 என்றால், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மறுநாள் காலை 11.59.

மூன்றாவது, தமிழ் எழுத்துரு. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் எழுதிய கோப்பு மறுமுனையில் புரியாத குறிகளாகத் திறக்கலாம். பிடிஎஃப் ஆக மாற்றியிருந்தால், வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ ஒருமுறை திறந்து பாருங்கள். கொம்பும் கொக்கியும் இடம் மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நான்காவது, பெயர். எழுதியவர் யாரென்று தெரியாமல் நடுவர்கள் படிக்கும் போட்டிகளில், கோப்பின் முதல் பக்கத்திலிருந்து மட்டும் பெயரை நீக்கினால் போதாது. கோப்பின் பெயரிலும், அதன் உள்விவரங்களில் ‘ஆசிரியர்’ என்ற இடத்திலும் பெயர் இருக்கக்கூடும்.

நமக்கும் இடம் உண்டு

தமிழில் எழுதினால் வெளிநாட்டுப் போட்டிகளில் இடமில்லை என்று நினைக்க வேண்டியதில்லை. காமன்வெல்த் அறநிறுவனம் நடத்தும் சிறுகதைப் பரிசு தமிழ்க் கதைகளையும் ஏற்றுவந்துள்ளது. 2012ல் தொடங்கிய அந்தப் பரிசுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களாகவும் 18 வயது நிரம்பியவர்களாகவும் இருக்க வேண்டும். கதை 2,000 முதல் 5,000 சொற்களுக்குள் இருக்க வேண்டும். 2019ல் மலேசியாவின் சரஸ் மாணிக்கமும், 2023ல் சிங்கப்பூரின் ஆக்னஸ் சியூவும் ஆங்கிலக் கதைகளுக்காக ஆசிய வட்டாரப் பரிசை வென்றார்கள். அந்தப் பட்டியலில் நம் வட்டாரத்திலிருந்து ஒரு தமிழ்க் கதை சேர வேண்டும் என்பது என் ஆசை.

சிங்கப்பூரில் 1993ல் தொடங்கிய தங்கமுனை விருது நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் படைப்புகளை வரவேற்கிறது. ஆங்கிலக் கட்டுரை எழுதும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, அரச காமன்வெல்த் சங்கம் 1883ல் தொடங்கிய கட்டுரைப் போட்டி இருக்கிறது.

எங்கு அனுப்பினாலும், தளத்தில் இருக்கும் பட்டியலை மட்டும் நம்பியிருக்காதீர்கள். படைப்பின் தலைப்பு, அனுப்பிய இடம், தேதி, பதில் என்று நான்கு கட்டங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய படியையும் அதோடு சேமியுங்கள். மறுப்பு வந்தால், கதையை ஒருமுறை படித்துத் திருத்திவிட்டு, அடுத்த இடத்தின் பெயரை அதே வரிசையில் எழுதுங்கள். நிலுவையில் இருக்கும் பதிலுக்காகத் தினமும் கணக்கைத் திறந்து பார்ப்பதைவிட, அந்த நேரத்தில் அடுத்த கதையின் முதல் பத்தியை எழுதிவிடலாம்.